தவிட்டுப் பொம்மையும் உங்கள் பெட்டிச் செய்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், குறுக்கெழுத்துக்கு மேலே, பிரான்ஸ் கால் என்ற பிரெஞ்சுப் பாடகியைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். மொத்தம் பதினோரு வரி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் எட்டு வரி 1966-இல் அவர் பாடிய லாலிபாப் பாட்டைப் பற்றி, ஒரு வரி அவர் இறந்த வருஷம், மிச்சம் இரண்டு வரியில் ஒரு தப்பு. தலைப்பு வேறு கண்ணடிக்கிற மாதிரி. அதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி மோதும் யூரோவிஷன் போட்டியில், 1965-இல், அவர் பிரான்சுக்காகப் பாடி ஜெயித்தார் என்று போட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் பாடியது லக்சம்பர்க்குக்காக. சின்ன நாடு, பிரெஞ்சுப் பாடகர்களை அழைத்துத் தன் பெயரில் அனுப்புவது அங்கே அப்போது வழக்கம். பெயரிலேயே பிரான்ஸ் இருக்கிறவர் இன்னொரு நாட்டுக்காகப் பாடி ஜெயித்தார் என்பதுதான் அந்தச் செய்தியிலேயே ருசியான இடம், அதையும் விட்டுவிட்டீர்கள்.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் இருபது வருஷத்துக்கு மேல் பிரெஞ்சு டியூஷன் எடுத்தவள். என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் இந்தச் சொல் சர்வ சாதாரணம், தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். அவர் வரும்போது ஒரு ரெக்கார்டு பிளேயரும் கையகல ரெக்கார்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையவும் கொண்டுவந்தார். நாங்கள் பிரெஞ்சு கற்றது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அந்தப் பெட்டியில். அதில் மூன்று நான்கு ரெக்கார்டு இந்தப் பெண்ணுடையது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் எல்லாரும் காலைத்தான் பார்ப்பார்கள், நாங்களும் சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதில் வேறொரு வேடிக்கை உண்டு. வேல்ஸ் நாட்டுக்கு அவர்கள் மொழியில் உச்சரிப்பு 'கால்'தான். அதனால் அந்தப் பெயரைச் சொன்னால் பிரான்ஸ்–வேல்ஸ் ரக்பி ஆட்டம் மாதிரி காதில் விழும். அவருடைய உண்மைப் பெயர் இசபெல். அப்போது இசபெல் ஓப்ரே என்று ஏற்கெனவே பேர் வாங்கிய பாடகி ஒருவர் இருந்ததால், ரெக்கார்டு போட்ட ஆட்கள் இந்தப் பெண்ணுக்குப் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

1947 அக்டோபர் 9-இல் பாரிசில் பிறந்தவர். அப்பா ரொபேர் கால் பாட்டெழுதுகிறவர், சார்ல் அஸ்னவூர் பாடிப் புகழ்பெற்ற 'லா மம்மா'வை எழுதியவர். அம்மாவின் அப்பா போல் பெர்த்தியே, பிரான்சின் பேர்போன சிறுவர் பாடகர் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆக வீடு முழுக்கப் பாட்டு. அப்பாவே மகளின் குரலைப் பதிவுசெய்து அனுப்பினார். பெண்ணின் பதினாறாவது பிறந்தநாள் அன்று, 1963-இல், முதல் பாட்டு ரேடியோவில் வந்தது. அடுத்த வருஷமே செர்ஜ் கேன்ஸ்பூர் என்ற பாட்டாசிரியர் அவருக்குப் பாட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

இப்போது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த அந்த யூரோவிஷனில் அவர் பாடிய பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது. 1965 மார்ச் 20. அந்தப் பாட்டுக்குத் தமிழில் தலைப்பு வைக்கப் போனால் 'மெழுகுப் பொம்மை, ஒலிப் பொம்மை' என்று வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பாடினோம். ஒருநாள் பெரியப்பா ஊஞ்சலில் இருந்தபடியே, "அது ஒலி இல்ல கண்ணு, தவிடு" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அகராதியை எடுத்துவரச் சொன்னார். 'சோன்' என்ற ஒரே சொல்லுக்கு முதலில் ஒலி என்று போட்டிருந்தது, கீழே இன்னொன்று, தானியத்தை மாவாக்கிச் சலித்தால் மிஞ்சுகிற தவிடு. அந்தக் காலத்தில் துணிப் பொம்மைகளுக்கு உள்ளே தவிட்டைத்தான் அடைப்பார்களாம். ஆக மெழுகு முகம், தவிட்டு உடம்பு, வெளியே வருகிற சத்தம் மட்டும் பாட்டு. அந்தப் பொம்மை தன்னைப் பற்றியே பாடுகிறது. காதல் காதல் என்று ஊருக்கெல்லாம் பாடுகிறேனே, எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறது. பதினேழு வயதுப் பெண், பின்னால் ஆர்கெஸ்ட்ரா துரத்துகிற வேகத்தில், சிரித்த முகத்தோடு இதைப் பாடி, பதினெட்டு நாடுகளில் முதலாவதாக வந்தார். உருக்கமான மெதுபாட்டுகளே ஜெயித்துக்கொண்டிருந்த போட்டியில் இப்படி ஒரு துள்ளல் பாட்டு ஜெயித்தது பெரிய சமாச்சாரம். ஜப்பானிய மொழியில்கூடப் பாட வைத்தார்கள்.

அதை எழுதின கேன்ஸ்பூருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, கவனியுங்கள். அர்த்தம் புரியாமல் பாடுகிற பொம்மை என்று அவள் வாயாலேயே பாட வைத்தவர், அடுத்த வருஷம் அதைச் செய்தும் காட்டினார்.

லாலிபாப் பாட்டு அதுதான். ஆனி என்கிற சின்னப் பெண்ணுக்குச் சோம்பு வாசனை போட்ட லாலிபாப் பிடிக்கும், கடைக்குப் போய் வாங்குகிறாள், சப்புகிறாள், தித்திப்பு தொண்டையில் இறங்குகிறது. கேட்டால் குழந்தைப் பாட்டு. இன்னொரு காதால் கேட்டால் வேறு. பிரான்ஸ் காலுக்கு அப்போது 18 வயது, எழுதியவருக்கு 38. டிவிக்காக எடுத்த படத்தில் ஆளுயர லாலிபாப் வேஷம் கட்டி ஆட்கள் ஆடுகிறார்கள், நடுவில் இந்தப் பெண் வெள்ளை மனசோடு பாடிக்கொண்டிருக்கிறார். ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்குத் தெரியும், டிவிக்காரர்களுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த பாதி ஜனத்துக்குத் தெரியும். பாடிய பெண்ணுக்கு மட்டும் பிறகுதான் தெரிந்தது. வெளியே தலைகாட்டவே கூசியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதியவரோ அதைக் கடைசிவரை ஒரு சாமர்த்தியமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

உங்கள் பெட்டிச் செய்தி அந்த ஸ்டுடியோ ஆட்களின் பக்கம் உட்கார்ந்து எழுதப்பட்டிருக்கிறது, இதுதான் என் கோபம். 'ஒன்றும் தெரியாத மாதிரி பாடினார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'மாதிரி'யை யார் சேர்த்தது? நம் ஊரிலும் பாட வருகிற பெண்களுக்குத் தெரியாத மொழியில் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்து, பாடிவிட்டுப் போ என்று அனுப்பிய கதைகள் ஆயிரம் உண்டு. இரட்டை அர்த்தப் பாட்டு என்றால் எழுதியவர் குறும்பர், பாடியவள் கூச்சமில்லாதவள், இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பாவே பாட்டாசிரியர். சொல்லுக்குள் சொல் வைக்கிற வித்தை தெரிந்தவர். அவர் காதில் அது விழவில்லையா? பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டதற்கு, ரெக்கார்டு விற்கிற வேகத்தில் சில பேருக்குக் காது அடைத்துவிடும் என்றார்.

சரி, பிரான்ஸ் கால் உடனே கேன்ஸ்பூரைத் தூக்கி எறிந்தாரா என்றால் அதுவும் இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன வீராங்கனையாக அவரைக் காட்டினால் அதுவும் பொய். அதற்குப் பிறகும் சில பாட்டுகள் அவர் எழுத, இவர் பாடினார். ஒப்பந்தம், பழக்கம், அடுத்த பாட்டு ஓடுமா என்ற பயம். ஆனால் ஓடவில்லை. 1968-க்கு அப்புறம் கம்பெனி மாறி கம்பெனி, பிரான்சில் பாட்டு எதுவும் எடுபடாமல், ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில் பாடி ஓரளவு பேர் வாங்கிக்கொண்டு, இப்படியே ஐந்தாறு வருஷம். இருபத்தைந்து வயதில் 'அந்தக் காலத்துப் பாடகி' ஆகிவிட்டார். அந்த வருஷங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

1973-இல் காரில் போகும்போது ரேடியோவில் ஒரு பாட்டு கேட்கிறார். பாடியவர் மிஷேல் பெர்ஜே. கிட்டத்தட்ட இவர் வயதுதான், ஏழு வாரம் இளையவர். அப்பா ழான் ஆம்பூர்ஜே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர், அம்மா கச்சேரி மேடையில் பியானோ வாசித்தவர். இந்த ஆள் எழுதினால்தான் இனி பாடுவேன் என்று பிரான்ஸ் கால் முடிவு செய்துவிட்டார். பெர்ஜே முதலில் தயங்கினார், பழைய குழந்தைப் பாட்டுப் பாடகிக்கு எழுதுவதா என்றுகூட இருந்திருக்கலாம். கடைசியில் 1974-இல் ஒரு பாட்டு வந்தது. 'காதலைச் சொல்கிறேன்' என்கிற மாதிரி தலைப்பு. மெதுவாக, பேசுகிற குரலில் போகும். கேட்டால் திகைப்பீர்கள். அந்தப் பழைய கீச்சுக்குரல் எங்கே போனதென்றே தெரியாது. அதே தொண்டைதான், ஆனால் என்ன பாடுகிறோம் என்று தெரிந்து பாடுகிறார். 1976 ஜூனில் இருவருக்கும் கல்யாணம்.

உங்கள் பெட்டியில் ஒரு சொல்கூட இல்லாதது அடுத்து வருவது. 'ஸ்டார்மேனியா'. பிரெஞ்சில் இசை நாடகம் என்று இன்றைக்கு ஊர் ஊராக ஓடுகிறவற்றுக்கெல்லாம் இதுதான் பாட்டி. இசை பெர்ஜே, வரிகள் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த லுக் ப்லாமோந்தோன். 1978-இல் முதலில் ரெக்கார்டாகத்தான் வந்தது. நம் ஊரில் பாட்டு முதலில் வெளியாகி ஊரெல்லாம் பாடின பிறகு படம் வருமே, அந்த மாதிரி, பாட்டை மனப்பாடம் பண்ணின ஜனம்தான் 1979 ஏப்ரல் 10 அன்று பாரிசின் பலே தெ கோங்க்ரே அரங்கத்தில் போய் உட்கார்ந்தது. 3,700 பேர் உட்காரும் இடம். இயக்கியவர் அமெரிக்காவில் இருந்து வந்த டாம் ஓஹார்கன். சில வாரங்கள்தான் ஓடியது. ஆனால் அதன் பாட்டுகள் அப்புறம் நாற்பது வருஷம் ஓடின.

கதையைச் சொல்கிறேன், இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். மோனோபோலிஸ் என்று ஒரு பெருநகரம், மேற்குலகுக்கே தலைநகரம். உச்சியில் தங்கக் கோபுரம், அதில் ஸேரோ ழான்வியே என்கிற கோடீஸ்வரன், ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறான். கீழே பாதாளக் காபிக் கடையில் மரி-ழான் என்ற பரிமாறும் பெண். நடுவில் 'கருப்பு நட்சத்திரங்கள்' என்ற கலகக் கும்பல், தலைவன் ஜானி ராக்ஃபோர்ட். அந்த வேஷத்தில் தானியேல் பலவாவின் என்ற பாடகர், அவர் குரல் எட்டிப்பிடிக்கும் உயரத்தைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். பிரான்ஸ் காலுக்குக் கிறிஸ்டல் வேஷம். யார் இந்தக் கிறிஸ்டல்? டிவியில் நட்சத்திரங்களை உருவாக்குகிற நிகழ்ச்சி ஒன்றை நடத்துகிறவள். அதன் பெயர்தான் ஸ்டார்மேனியா. சிரிப்பாள், எழுதிக் கொடுத்ததைச் சொல்வாள், ஊரே பார்க்கும். அப்புறம் ஒருநாள் ஜானியை ரகசியமாகப் பேட்டி எடுக்கப் போகிறாள், அவனோடு போய்விடுகிறாள், திருட்டு அலைவரிசையில் அந்தக் கும்பலின் குரலாகப் பேச ஆரம்பிக்கிறாள். கடைசியில் சாகிறாள். 1974-இல் அமெரிக்காவில் பாட்டி ஹெர்ஸ்ட் என்ற பணக்காரப் பெண் கடத்தப்பட்டு, கடத்தியவர்களோடே சேர்ந்துகொண்ட சம்பவம் பெர்ஜேயின் மனதில் தங்கி, அதிலிருந்து பிறந்த கதை இது.

இதன் கேசட்டுகள் எங்களுக்கு 1980-களின் நடுவில்தான் கிடைத்தன, பாரிஸ் பக்கம் இருந்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவே தேய்ந்துபோனது. மோனோபோலிஸ் நகரத்தைப் பற்றி பிரான்ஸ் கால் தனியாகப் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள், எல்லா ஊரும் ஒரே ஊராகிவிட்ட எதிர்காலம், அதில் தனியாக நிற்கிற ஒருத்தி. குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் இருக்கிற பாட்டுகளில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரி பாடுவார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தவிட்டுப் பொம்மை ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பொம்மையாக 1965-இல் மேடை ஏறினவர், 1979-இல் அதே மாதிரி ஒரு டிவிப் பொம்மையின் வேஷம் கட்டி, அந்தப் பொம்மை சொந்தக் குரலில் பேசக் கிளம்பிப் போவதை நடித்திருக்கிறார். பெர்ஜே இதை யோசித்து அவருக்கென்றே எழுதினாரோ என்னவோ, எனக்கு அந்த வேஷத்தில் வேறு யாரையும் வைத்துப் பார்க்க முடிவதில்லை.

இந்த இடத்தில் என் மகள் ஒரு கேள்வி போட்டாள், அதையும் எழுதிவிடுகிறேன். "அம்மா, அந்த ஆள் எழுதினதைப் பாடினா பொம்மை, இந்த ஆள் எழுதினதைப் பாடினா சொந்தக் குரலா? ரெண்டு பேரும் ஆம்பளைங்கதானே?" நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: இரண்டாவது ஆளைத் தேடிப் போனது அவர். அதோடு, 1980-களின் கடைசியில் பாடினது போதும் என்று அவர் ஒதுங்கப் பார்த்தபோது, இனி பாடினால் இருவரும் சேர்ந்து, இருவர் பெயரிலும்தான் என்று ஒத்துக்கொண்டு ஒரு தொகுப்பு செய்தார்கள், 1992-இல் வந்தது. மகள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. போகட்டும்.

நடுவில் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷங்கள்தான் அவருடைய உச்சம். நின்றபடி பியானோ வாசித்த ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு 1980-இல் வந்தது. எல்லாரும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், அவன் மட்டும் நின்றுகொண்டு வாசித்தான், அதற்குப் பெயர் சுதந்திரம், அவ்வளவுதான் விஷயம். அதே வருஷம் ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானோடு பிரெஞ்சில் ஒரு ஜோடிப் பாட்டு. அடுத்த வருஷம் 'எதிர்த்து நில்' என்ற பாட்டு, இன்றைக்கும் பிரான்சில் கல்யாண வீட்டு ஆட்டத்தில் அதைப் போடாமல் விடமாட்டார்கள் என்று அண்ணன் சொல்வார். 1987-இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க ஜாஸ் பாடகியைப் பற்றிய பாட்டு. டியூஷனில் பிள்ளைகளுக்கு 'லா' என்ற ஓசையை வைத்து எத்தனை விதமாக எழுதலாம் என்று சொல்லிக் கொடுக்க அதைத்தான் போடுவேன், எல்லா எல்லா லா என்று அந்தப் பெண்மணியின் பெயரே இலக்கணப் பாடம் ஆகிவிடும். அது 1988-இல் ஜெர்மனியில் முதலிடத்தில் இருந்தது. நீங்கள் எட்டு வரி செலவழித்த பாட்டு எந்த மூலைக்கு?

ஆப்பிரிக்காவும் அவர் கதையில் உண்டு. 1985 எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது பெர்ஜே, பலவாவின் ஆகியோரோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு உதவி திரட்டும் வேலையில் இறங்கினார். செனகலில் ஒரு இளம் தாய், வளர்க்க வழியில்லாமல் தன் கைக்குழந்தையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் நீட்டினாள். பபக்கார் என்பது அந்தக் குழந்தையின் பெயர். வாங்கிக்கொண்டு வரவில்லை, தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்க உதவினார். பிறகு அது பாட்டானது. டக்கார் பக்கத்தில் ங்கோர் என்ற சின்னத் தீவில் வீடு வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் போய் இருந்தார்.

அப்புறம் வரிசையாகச் சாவுகள். 1986 ஜனவரி 14, மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து பலவாவின் இறந்தார், வயது 33. பாரிஸ்–டக்கார் கார் பந்தயத்தோடு கிராமங்களுக்குத் தண்ணீர் பம்புகள் கொண்டுபோன இடத்தில். நாங்கள் கேசட் தேய்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை, செய்தி வந்த அன்று பெரியப்பா ரேடியோவை அணைத்துவிட்டார். நண்பன் போன பிறகு சிரிக்கிறோம் ஆனால் முன்பு மாதிரி இல்லை என்கிற பொருளில் பெர்ஜே ஒரு பாட்டு எழுத, பிரான்ஸ் கால் பாடினார். 1992 ஆகஸ்ட் 2, ராமத்துவேல் என்ற ஊரில் டென்னிஸ் ஆடிவிட்டு வந்த பெர்ஜேவுக்கு மாரடைப்பு. 44 வயது. இருவரும் சேர்ந்து செய்த அந்தத் தொகுப்பு கடைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வருஷம் இவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடித்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து பாட இருந்த மேடைக் கச்சேரியைச் செப்டம்பரில் தனியாகப் பெர்சி அரங்கத்தில் பாடினார். இதை நான் இரண்டு வரியில் எழுதிவிட்டேன், நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், ஜோடிப் பாட்டில் எதிர்க்குரல் வரவேண்டிய இடத்தில் என்ன செய்திருப்பார்?

அதற்கும் மேலே மகள். போலீன், 1978-இல் பிறந்தவள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய், நுரையீரலில் சளி கட்டிக்கொண்டே போகும். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே தெரிந்தும், வெளியே மூச்சு விடாமல் வைத்திருந்தார்கள். துள்ளல் பாட்டுகள் எல்லாம் வந்த வருஷங்களில் அந்த வீட்டுக்குள் இது இருந்திருக்கிறது. 1997 டிசம்பரில் பத்தொன்பது வயதில் அந்தப் பெண் போய்விட்டாள். அதோடு பிரான்ஸ் கால் பாடுவதை நிறுத்தினார். 2000-இல் ஒரே ஒருமுறை, பிரான்சின் ராக் பாடகர் ஜானி அலிடேயின் கச்சேரியில், பெர்ஜே எழுதின பாட்டு ஒன்றை அவரோடு சேர்ந்து பாடியதுதான் கடைசி.

நிறுத்தினார் என்றால் பாடுவதைத்தான். 2015-இல், பெர்ஜேயின் பாட்டுகளைக் கோத்து 'ரெசிஸ்த்' என்ற இசை நாடகத்தைத் தானே முன்னின்று உருவாக்கினார், அந்த 'எதிர்த்து நில்' பாட்டின் பெயர்தான் அது. நவம்பர் 4-இல் பாரிசின் பலே தே ஸ்போர் அரங்கத்தில் தொடங்கியது. இளம் பாடகர்கள் பாடினார்கள், இவர் திரையில் தோன்றிக் கதை சொன்னார். ஒன்பது நாள் கழித்துப் பாரிசில் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்தன, பாட்டுக் கச்சேரி நடந்த பத்தாக்லான் அரங்கத்தில்தான் பெரிய உயிர்ச்சேதம். அந்த ஊரில் அந்தத் தலைப்புள்ள நாடகத்துக்கு மறுபடி டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, அவர் வழியைத் தானே தேர்ந்தெடுத்த பிறகு, மேடையில் அந்தப் பழைய பாட்டுகளைப் பாடவே இல்லை. ஜனம் கேட்டிருக்கும், பணம் கொட்டியிருக்கும், பழைய பாட்டுக்குக் கிடைக்கிற கைத்தட்டல் எந்தப் பாடகருக்குத்தான் வேண்டாம்? மெழுகுப் பொம்மையும் கிடையாது, லாலிபாப்பும் கிடையாது. நான் அவரைப் போய்க் கொண்டாடுவது அந்தப் பிடிவாதத்துக்காகத்தான். அந்தப் பிடிவாதத்தைத் தாண்டிப் போய் நீங்கள் லாலிபாப்பை எடுத்து வந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கிறீர்கள்.

2018 ஜனவரி 7, பாரிஸ் பக்கத்தில் நெய்யி என்ற இடத்தில் மருத்துவமனையில் காலமானார். எழுபது வயது. ஒரு மாதம் முன்னால்தான் ஜானி அலிடேயும் போயிருந்தார். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் கணவரும் மகளும் இருக்கிற இடத்திலேயே வைத்தார்கள். 2022-இல் ஸ்டார்மேனியா மறுபடி பெரிய அளவில் மேடை ஏறியது. இயக்கியவர் தோமா ழொலி, அடுத்து பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவை, கொட்டும் மழையில் நடந்து நாமெல்லாம் டிவியில் பார்த்த அதை, அமைத்தவரும் இவரே. அவரைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம் வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். அதே ஆள் அதற்கு முன்னால் தூசு தட்டி எடுத்த நாடகத்தின் முதல் கிறிஸ்டலுக்குப் பதினோரு வரி.

கேட்பது இரண்டுதான். லக்சம்பர்க் என்று ஒரு திருத்தம் போடுங்கள். இன்னொன்று, மறுபடி அவரைப் பற்றி எழுதினால் அந்த லாலிபாப் படத்தைப் போடாதீர்கள், மேடையில் மைக் பிடித்து நிற்கிற 1980-களின் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. இட நெருக்கடி என்பீர்கள், தெரியும். குறுக்கெழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம், எப்படியும் போன வாரம் பதினான்காவது கட்டத்துக்கு விடையே வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு நீண்டநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி